கரும்பலகையில் ஒரு நியூத்திரன் நட்சத்திரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு உயர்தரப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், அணுக்கருவின் ஆரை அதிலுள்ள துகள்களின் எண்ணிக்கையின் கனமூலத்துக்கு விகிதசமமானது என்று கரும்பலகையில் எழுதி, அப்படியானால் எல்லாக் கருக்களின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே என்பதை எங்களைக் கொண்டே நிறுவச் செய்தார். மடக்கை அட்டவணையை வைத்துக் கணித்தபோது, கன சென்ரிமீற்றருக்கு 23 கோடி தொன் என்று விடை வந்தது. "சூரியனை இந்த அடர்த்திக்கு ஒடுக்கினால் ஆரை என்ன?" என்று அடுத்துக் கேட்டார். ஏறக்குறைய 13 கிலோமீற்றர். விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் என்னும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 2019இல் ஒரு நியூத்திரன் நட்சத்திரத்துக்கு (பெரும் நட்சத்திரமொன்று வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூத்திரன்களாலான ஒடுங்கிய எச்சத்துக்கு) அளந்த ஆரையும் அதற்கு மிக அண்மியதே. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கணக்குக்காக ஆசிரியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இத்தகைய நட்சத்திரத்தைத் தாங்கி நிற்பது எது? நியூத்திரன்கள் ஒன்றின்மீதொன்று விசை செலுத்துவதில்லை எனக் கொண்டு, இரு நியூத்திரன்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் பவுலியின் தவிர்க்கைத் தத்துவம் தரும் அமுக்கத்தை மட்டும் 1939இல் ஒப்பன்ஹைமரும் வொல்கொவ்வும் கணக்கிட்டார்கள். சூரியத் திணிவின் 0.7 மடங்குக்கு மேல் அது தாங்காது. ஆனால் 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த துடிப்பு நட்சத்திரத்தின் (சுழன்றபடி வானொலித் துடிப்புகளை அனுப்பும் நியூத்திரன் நட்சத்திரத்தின்) திணிவோ 1.44 மடங்கு. மிகுதியைச் சுமப்பது அணுக்கரு விசை: சற்றுத் தள்ளி இருக்கும்போது கவரும் அவ்விசை, துகள்கள் மிக நெருங்கியதும் கடுமையாகத் தள்ளுகிறது. அறிமுக நூல்கள் பல இதைச் சொல்லாமல் கடந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

மையத்தில் அடர்த்தி கருவினதைப் போல் பல மடங்காகும். அங்கே ஹைப்பெரோன்களோ (நியூத்திரனை ஒத்த, அதனிலும் பாரமான துகள்கள்) குவார்க்குகளோ (நியூத்திரனை ஆக்கும் நுண்துகள்கள்) தோன்றினால் பொருள் மென்மையாகி, அதாவது எளிதில் ஒடுங்குவதாகி, பெருந்திணிவைத் தாங்காது. 2010இல், ஒரு துடிப்பு நட்சத்திரத்தின் துடிப்புகள் அதன் துணையான வெண்குறளியை (எரிந்து முடிந்து ஒடுங்கிய நட்சத்திரத்தை) அண்மித்துக் கடக்கையில் பிந்துவதைக் கிறீன் பாங்க் வானொலித் தொலைநோக்கியால் அளந்து, அந்த நட்சத்திரத்தின் திணிவு சூரியனைப் போல் 1.97 மடங்கு என்று காட்டியபோது, மென்மையான மாதிரிகள் பல கைவிடப்பட்டன. எதிர்ப்பக்கத்தில், 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலைகள் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்), மோதிய இரு நியூத்திரன் நட்சத்திரங்களும் ஒன்றையொன்று அதிகம் உருக்குலைக்கவில்லை எனக் காட்டி, மிகவும் விறைப்பான மாதிரிகளை விலக்கின.

ஈயக் கருவில் நியூத்திரன்களை வெளிப்புறம் தள்ளி மெல்லிய தோலாகப் படியச் செய்வதும் நட்சத்திரத்தைத் தாங்கும் இதே அமுக்கந்தான். வேர்ஜீனியாவின் ஜெபர்சன் ஆய்வுகூடத்தில் இலத்திரன்களை மோதவிட்டு அளந்து, 2021இல் அத்தோலின் தடிப்பு 0.28 பேர்மி (ஒரு பேர்மி என்பது மீற்றரின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று அறிவித்தார்கள். எதிர்பார்த்ததிலும் அது தடிப்பு. மறுஆண்டு அங்கேயே கல்சியம்-48 கருவில் மெல்லிய தோலே தென்பட்டது. இரண்டையும் ஒரே கொள்கைக்குள் பொருத்துவது எளிதாக இல்லை.