எய்ல்ஸ்பரி வயல்வழிகள்

லண்டனுக்கு வடமேற்கே உள்ள எய்ல்ஸ்பரி நகரம் ஆண்டுக்கு ஆண்டு வயல்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. வடமேற்கே பெரிஃபீல்ட்ஸ், வடக்கே பக்கிங்ஹாம் பார்க், கிழக்கே கிங்ஸ்புரூக் என எழுந்துள்ள குடியிருப்புகள் யாவும் அண்மைக்காலம்வரை பயிரும் மேய்ச்சல் புல்லுமாக இருந்த களிமண் நிலங்கள். வீடுகளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அப்படி எழுந்த ஒரு தெருவில்தான் வாழ்கிறேன். ஆனால் அந்த வயல்களின் ஊடே சென்ற நடைவழிகள் என்ன ஆகின்றன என்பதை இங்கு வாழ்பவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் தனியார் நிலத்தின் குறுக்கே செல்லும் பொதுவழியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக இவ்வழிகளைப் பதிவுசெய்யும் அதிகாரபூர்வ வரைபடம் பிறந்தது. அதில் ஏறிய வழியை நிலத்தின் உரிமையாளர் தம் விருப்பப்படி அடைக்க முடியாது. வயலின் நடுவே செல்லும் வழியை விதைப்புக்காக உழ நேர்ந்தால், உழவர் 14 நாள்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதை மீண்டும் சீராக்கித் தர வேண்டும். வசந்தத்தில் முழங்கால் உயரக் கோதுமையின் நடுவே, வெடித்த களிமண் தெரிய, எதிர் வேலியிலுள்ள மரப்படியை நோக்கி நேராக ஓடும் அந்த ஒடுங்கிய கோட்டில் நடப்பதும், தரையில் கூடுகட்டும் வானம்பாடி தலைக்கு மேலே பாடிக்கொண்டே எழுவதைக் கேட்பதும் எனக்கு இந்த ஊரின் மிகப் பெரிய செல்வம்.

வீடு கட்ட அனுமதி கிடைத்தாலும் வழி தானாக மறைந்துவிடாது. அதைத் திசைதிருப்பவோ மூடவோ தனி ஆணை வேண்டும். அந்த ஆணைக்கான அறிவிப்பு வழியின் இரு முனைகளிலும் ஒட்டப்படும். எதிர்ப்புத் தெரிவிக்கக் குறைந்தது 28 நாள் உண்டு. மழை படாமல் பிளாஸ்டிக்கில் பொதிந்து கம்பத்தில் கட்டியிருக்கும் அந்தத் தாளைப் பலரும் நின்று படிப்பதில்லை.

சட்டம் கோட்டைக் காக்கிறது. கோட்டின் இருபுறமும் இருந்ததைக் காப்பதில்லை. என் வீட்டருகே வேலியோரமாகப் பிளாக்பெரிப் புதர்களை ஒட்டிச் சென்ற ஒரு வழி, வரைபடத்தில் ஓரடிகூட நகரவில்லை. இப்போதோ ஆளுயரப் பலகை வேலிகள் இரண்டுக்கு நடுவே, விளக்கில்லாமல், ஓரங்களில் காஞ்சொறி மண்டிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் தனியாக நடக்கும் பெண்கள் அதைத் தவிர்க்கிறார்கள். புதிய குடியிருப்புகளில் நடைவழியைத் தெருவோரத்துக்கு மாற்றுவதைத் தவிர்த்து, பசுமையான திறந்தவெளி வழியாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதலே கூறியிருக்கும்போது, இப்படி அமைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கும் இதே ஊரில் சான்று இருக்கிறது. இடைக்காலத்தில் மக்கள் வாழ்ந்து, பின்னர் ஆட்டு மேய்ச்சலுக்குப் போன குவாரண்டன் கிராமத்தின் மேடு பள்ளங்கள் தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுவதால், இருபுறமும் வீடுகள் நெருங்கிவந்த பின்பும் அங்கே வழியைச் சுற்றிப் புல்வெளியும் வானமும் எஞ்சியிருக்கின்றன. கிங்ஸ்புரூக்கில் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி.யோடு சேர்ந்து திட்டமிட்டதால், சுவர்களில் உழவாரன் குருவிகளுக்கான கூட்டுச் செங்கற்களும் வேலிகளில் முள்ளெலிகள் நுழைய இடைவெளிகளும் வைத்திருக்கிறார்கள்.

வரைபடத்தில் ஏறாத வழிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வயலின் ஓரத்தைச் சுற்றி நாயோடு நடப்பவர்களின் கால் பட்டே உண்டான வழிகள் நகரின் விளிம்பில் ஏராளம். அனுமதி கேட்காமலும் தடுக்கப்படாமலும் மறைவின்றியும் பொதுமக்கள் 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால், 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தை அடிப்படையாகக் காட்டி அதைப் பொதுவழியாகப் பதிவுசெய்யக் கோரலாம். நில உரிமையாளர் அது பொதுவழி அல்ல என்று கவுன்சிலிடம் மறுப்பு அறிக்கை தாக்கல் செய்தாலோ தடுப்புப் பலகை வைத்தாலோ அந்த 20 ஆண்டுக் கணக்கு அங்கேயே நின்றுவிடும் என்பதால், கட்டுமானத் தடுப்புகள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. எந்த ஆண்டிலிருந்து நடந்தீர்கள், எவ்வளவு அடிக்கடி, வாயில் எங்கே இருந்தது, யாரேனும் தடுத்தார்களா என்பதை நீண்டகாலமாக இங்கு வாழும் அண்டை வீட்டாரிடம் இப்போதே எழுதி வாங்கி, தேதியுள்ள பழைய புகைப்படங்களோடு கவுன்சிலின் சாட்சியப் படிவத்தில் சேர்த்துக் கொடுங்கள்.