தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 15, செவ்வாய்
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. பாப்பாவின் அப்பா கரையில்தான் இருப்பார். இனி காலண்டரில் வட்டம் போட வேலையில்லை.

ஏப்ரல் 19, சனி
கோர்ட் உத்தரவு: சனிக்கிழமை பாப்பாவை அவள் அப்பாவிடம் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் காலை 10 மணிக்கு விட்டு, மாலை 5 மணிக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போகும்போதே நின்றுகொண்டிருந்தார். சட்டை தேய்த்திருந்தது.

சாயங்காலம் வந்தவள் கையெல்லாம் பெயிண்ட். படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கிறார்களாம், பெயர் எழுதும் இடத்தில் இவளையும் ஒரு கோடு இழுக்கவிட்டாராம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். இடது சுண்டுவிரல் நகத்தை மட்டும் இழுத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும்மா."

ஏப்ரல் 23, புதன்
வக்கீல் ஆபீஸ். பாப்பா யாரிடம் இருப்பது என்கிற கஸ்டடி வழக்கு. பாப்பாவை ஜட்ஜ் கூப்பிட்டுப் பேச வாய்ப்பிருக்கிறது என்கிறார். 1890ஆம் வருஷத்துச் சட்டமாம், காப்பாளர் சட்டம், 17ஆம் பிரிவு. யோசித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்கலாம். எடுக்கலாம், அவ்வளவுதான். எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எத்தனை வயதிலிருந்து என்றும் எழுதவில்லை. பிள்ளை சொல்வதுதான் தீர்ப்பு என்றும் இல்லை, நலன்தான் முதலில் என்றார். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நானும்தான்.

வெளியே பெஞ்சில் இருந்தவளுக்குக் காது கூர்மை. பஸ்ஸில் கேட்டாள்: "கஸ்டடின்னா இலங்கைல பிடிச்சு வச்சிருக்கிறதுதானம்மா? அப்பாவத் திரும்பப் பிடிச்சுட்டாங்களா?"

இல்லடி, இது வேற என்றேன். வேற என்ன என்று உச்சிப்புளி வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் சொல்லத் தெரியவில்லை. போன தடவை அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த 43 நாளும் காலண்டர் தாளைக் கிழிக்கவிடாமல் வைத்திருந்தாள். திரும்பி வந்ததும் மொத்தமாகக் கிழித்தாள்.

ஏப்ரல் 24
தூக்கமில்லை.

மே 3, சனி
கோடை விடுமுறை, கோர்ட் கிடையாது. ஜூனில்தான்.

அங்கே என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள் என்றெல்லாம் துருவக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். துருவினேன். நுங்கு என்றாள். அப்புறம் அப்பத்தா செய்த நண்டுக் குழம்பு என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு "உப்பு ஜாஸ்தி" என்று சேர்த்துக்கொண்டாள். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த அம்மா கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?

மே 10, சனி
அடுப்படியில் நின்றிருந்தேன், காதில் விழுந்தது. திண்ணையில் அம்மாச்சி இவளுக்குத் தலை வாரிக்கொண்டே, "ஜட்ஜம்மா கேட்டா எங்கம்மாகிட்டதான் இருப்பேன்னு சொல்லணும், என்ன?" என்கிறாள். இவள் "ம்" என்றாள். போய்த் தடுத்திருக்க வேண்டும். கரண்டியைக் கழுவினேன். கழுவின கரண்டியையே கழுவினேன்.

1973இல் மெட்ராஸிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கை வக்கீல் சொன்னார். பிள்ளைகள் உடைமையும் இல்லை, பெற்றவர்கள் விளையாட்டுப் பொம்மையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். பொம்மை என்றால்கூடப் பரவாயில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாது.

மே 21
கச்சான் காற்று. சோற்றில் மணல், பாயில் மணல்.

மே 24, சனி
அந்த வட்டங்களைப் பற்றி எழுதிவிடுகிறேன். அவர் வராத சனிக்கிழமைகளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வக்கீலிடம் கொடுத்தவள் நான். 11 வட்டம். 'பிள்ளையைப் பார்க்க அக்கறை இல்லை' என்று மனுவில் ஏறிவிட்டது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு காலையில்தான் கரை. மீன்காரன் பொண்டாட்டியாக 12 வருஷம் இருந்தவளுக்கு இது தெரியாதா? சனிக்கிழமை என்று உத்தரவு வந்த அன்று அவரும் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் நின்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 2, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஆறாவது. நகத்தில் பெயிண்ட் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. நகம் வெட்டவிட மாட்டேன் என்கிறாள். டீச்சர் திட்டினாலும் பரவாயில்லையாம்.

ஜூன் 11, புதன்
கூப்பிட்டார்கள். அவள் மட்டும் ஜட்ஜ் சேம்பருக்குள். 20 நிமிஷம். எதிர் பெஞ்சில் அவர், இந்தப் பெஞ்சில் நான், நடுவில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். 2008இல் ஒரு பையனை உச்ச நீதிமன்ற நீதிபதிகளே அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்களாம், தாத்தா பாட்டியிடமே இருக்கிறேன் என்றானாம். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் அப்பத்தா என்று சொல்லிவிட்டால்?

வெளியே வந்ததும் "பசிக்குதும்மா" என்றாள்.

பிறகு வக்கீல் சொன்னார். சந்திப்பு நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். பிள்ளை கேட்டதாம். "சனிக்கிழமை அப்பா கடலுக்குப் போயிருவாங்க. ஞாயித்துக்கிழமை தூங்கிட்டுத்தான் இருப்பாங்க. தூங்கட்டும், நான் பக்கத்துல இருப்பேன்."

யாரிடம் இருக்க ஆசை என்று கேட்டார்களா, என்ன சொன்னாள்? வக்கீலுக்கும் தெரியவில்லை. இவளும் வாய் திறக்கவில்லை. மண்டபம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றாள். அம்மாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டு "சொன்னியா?" என்றாள். "ம்."

ஜூன் 14, சனி
கடைசிச் சனிக்கிழமை. 5 மணிக்கு வந்தவள் நகம் வெட்டிக்கொண்டாள். தானாகவே.

ஜூன் 16, திங்கள்
இன்று அவர் படகு. இரவு ரெண்டு தடவை எழுந்து மணி கேட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்
காலை 9:40. விடிகாலையிலேயே கரை சேர்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படியில் உட்கார்ந்திருக்கிறாள், யூனிஃபார்மோடு. தெருவில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். ஒரு வருஷமாக நான் கூப்பிடாத நம்பர். மனப்பாடமாகத்தான் இருக்கிறது. ரிங் போகிறது