வகிட்டில் ஒரு ரூபாய் வட்டம்

ஜூனில் பள்ளி திறந்த வாரம். மகளுக்கு இரட்டைச் சடை போட வகிடு எடுத்தேன். காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லாமல் வழவழவென்று இருந்தது. "புழுவெட்டு. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ச்சா வந்துரும்" என்றார் அத்தை. தேய்த்தோம். மூன்று வாரத்தில் பக்கத்திலேயே இன்னொரு வட்டம்.

தோல் டாக்டர், புழு எதுவும் இல்லை, உடம்பின் வெள்ளையணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன, ஆனாலும் வேர் சாகவில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன்.

தாக்குதல் நடப்பது மயிர்க்காலின் அடிக்குமிழில். புது முடிக்கு மூலமான ஸ்டெம் செல்கள் அதற்குச் சற்று மேலே ஒரு புடைப்பில் இருக்கின்றன, பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சரி, தூங்குகிற அவற்றை எழுப்புவது யார்?

சான் பிரான்சிஸ்கோவில் தோல் ஆய்வாளர் மைக்கேல் ரோசன்பிளமின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருந்தது. வெள்ளையணுக்களில் டி செல்கள் என்று உண்டு; அவற்றில் ஒரு வகை, மற்ற வெள்ளையணுக்கள் வரம்பு மீறாமல் அடக்கி வைக்கும். இவற்றைக் கண்டு சொன்ன ஷிமோன் சகாகுச்சிக்கு 2025 நோபலில் பங்கு கிடைத்தது. எலிகளிடமிருந்து இந்தச் செல்களைக் கொஞ்ச காலம் நீக்கிவிட்டு ரோமத்தை மழித்தார்கள். மழித்த இடத்தில் ரோமம் முளைக்கவே இல்லை! மழித்த முதல் மூன்று நாளுக்குள் நீக்கினால்தான் இப்படி; வளர்ச்சி தொடங்கியபின் நீக்கினால் பாதிப்பில்லை. இந்த டி செல்லின் மேற்பரப்பில் ஜாக்டு-1 என்ற புரதம் இருக்கிறது. ஸ்டெம் செல்லின் மேல் சைகை வாங்குகிற நாட்ச் என்ற ஏற்பியில் அது பட்டால் ஸ்டெம் செல் விழிக்கிறது, பிள்ளையைத் தொட்டு எழுப்புகிற மாதிரி. இந்த வகை டி செல் நீக்கப்பட்ட எலிக்கு அந்தப் புரதம் பூசிய நுண்மணிகளைக் கொடுத்தபோதும் ஸ்டெம் செல்கள் விழித்தன.

எலியில் கண்டதை என் மகள் தலைக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் புழுவெட்டோடு தொடர்புள்ள மரபணுக்களில் பல இதே டி செல்களோடு சம்பந்தப்பட்டவை. அடிபட்ட தசையிலும் இதே வகைச் செல்கள் ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் சுரந்து, தசையின் ஸ்டெம் செல்களுக்கு உதவுகின்றன.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். பன்னிரண்டு வருடமாக ஸ்லைடில் நூறு வெள்ளையணு எண்ணி, லிம்போசைட் இத்தனை என்று எழுதுகிறேன். டி செல்களும் அந்த லிம்போசைட்டில் அடக்கம். ஸ்லைடுக்குப் போடும் லீஷ்மன் சாயத்தில் தாக்குகிற செல்லும் அடக்குகிற செல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஊதா உருண்டை, சுற்றிலும் கொஞ்சம் நீலம். இப்போது அதில் ஒன்றைப் பார்த்தால், நீ எந்த வகை என்று கேட்கத் தோன்றுகிறது.

வட்டங்களில் மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். நாலாவது மாதம் பூனைமுடி போல வந்தது, அதுவும் வெள்ளையாக. "அம்மா, ஆச்சி முடி மாதிரி இருக்கு" என்று அழுதாள். முதலில் அப்படித்தான் வரும், நிறம் அப்புறம் வரும் என்றார் டாக்டர்.

நேற்று எண்ணெய் வைக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி வெள்ளை, அடி கறுப்பு.