பெட்டியின் நிறம்

மே 9
அம்மாவுக்குத் தண்ணீர் மட்டும். நாளைக்குக் கஞ்சி கொடுக்கலாமாம்.

மே 11
சதைத்துண்டு எடுத்து அனுப்பிவிட்டார்கள். முடிவு வர மூன்று கிழமை ஆகுமாம். அம்மாவிடம் "சும்மா ஒரு சோதனை" என்றேன். "சும்மா சோதனைக்கு ஏன் பிள்ளை நீ அழுதிட்டு வந்து நிக்கிறாய்?"

மே 13
இரவு தூக்கம் வராமல் அம்மா திடீரென்று அம்மம்மாவின் வோட்டைப் பற்றித் தொடங்கினார். கொழும்பு வடக்கில், கொட்டாஞ்சேனையில் இருந்த காலம். அம்மம்மாவுக்குக் கையெழுத்து வைக்க வராது. "பேர் வாசிக்கத் தேவையில்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறப் பெட்டி. பச்சைப் பெட்டியிலதான் போட்டவ. ஒரு பொம்பிளைக்கு."

பொம்பிளைக்கு என்றால் 1931 பொதுத்தேர்தல் இல்லை. அடுத்த வருடம் கொழும்பு வடக்கில் நடந்த இடைத்தேர்தல். நேசம் சரவணமுத்து.

மே 14
மனம் அங்கேயே நிற்கிறது. 1931இல் அந்தத் தொகுதியில் வென்றவர் அவருடைய கணவர், டாக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் பதவி போயிற்று. காலியான இடத்துக்கு மனைவி நின்றார், வென்றார். அந்தக் காலத்து இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபையின் இரண்டாவது பெண் உறுப்பினர்.

அம்மம்மாவுக்கு அப்போது 22 வயது. இலங்கையின் புது யாப்புக்காக லண்டனிலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழு முதலில் பரிந்துரைத்தபடி பெண்களுக்கு 30 வயதில்தான் வோட்டு என்று இருந்திருந்தால், அம்மம்மா அன்றைக்கு வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்திருப்பார். அதை 21 ஆகக் குறைத்ததால்தான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். பெண்களுக்கு வோட்டு வேண்டாம் என்று ஆணைக்குழுவிடம் வாதாடியவர்களில் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த அதே மனிதர். படி, ஆனால் போடாதே!

சுவடிக்கூடத்துக்குப் போய்ப் பழைய பேப்பர்களைப் புரட்ட வேண்டும். நாளைக்கு.

மே 15
போகவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல்.

மே 18
காய்ச்சல் விட்டது. பெட்டி இன்றைக்கு மஞ்சள். "பச்சை எண்டு சொன்னீங்களே அம்மா?" "நான் எங்கே சொன்னனான்?"

மே 20
தம்பி டொராண்டோவிலிருந்து எடுத்தான். ரிப்போட், ரிப்போட், ரிப்போட். கடைசியில், "எனக்குப் பதிலா நீ நிக்கிறாய் அக்கா, அது பெரிய ஆறுதல்." போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதில் அரித்துக்கொண்டே இருந்தது. உனக்குப் பதிலாகவா? நான் எனக்காகவே இங்கே நிற்கவில்லையா?

நேசத்தையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், புருஷனுக்குப் பதிலாக வந்தவ என்று. முதல் பெண் உறுப்பினர் அடலின் மொலமுரேயும் இடைத்தேர்தலில் வந்தவர்தான். 1931 நவம்பரில் ருவன்வெல்லவில், தகப்பன் இறந்து காலியான இடம். அவருடைய கணவர் அதே சபையின் சபாநாயகர். அந்தச் சபையில் பெண்கள் நுழைந்த இரண்டு கதவையும் ஒரு தகப்பனோ கணவனோ விட்டுப்போன வெற்றிடம்தான் திறந்திருக்கிறது. ஆனால் நேசம் 1936இல் மறுபடி நின்று வென்றார். 1941இல் இறக்கும்வரை அந்த இடம் அவருடையதுதான். அப்போதும் பதிலாள் என்றா சொன்னார்கள்?

தம்பிக்கு இதை எழுத நினைத்தேன். "சரிடா, சாப்பிட்டியா" என்று அனுப்பினேன்.

மே 21
கொஞ்சம் இடியப்பம் சாப்பிட்டார். சொதி வேண்டாமாம்.

மே 23
இன்று அப்பா வழிக் கதை. அப்பப்பா பருத்தித்துறையில் இங்கிலீஷ் படித்தவர், பேப்பரை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக்கூடியவர். 1931இல் அவருக்குப் போட வோட்டு இருந்தது, போட ஆள் இல்லை. முழுச் சுயராச்சியம் தராத அந்த டொனமூர் யாப்பு எதற்கு என்று யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு இடங்களும் காலி. 1934இல்தான் அவற்றுக்கும் இடைத்தேர்தல் வந்தது. பருத்தித்துறையில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் வென்றார்.

அதற்கு முன்னமே, கையெழுத்து வைக்கத் தெரியாத அம்மம்மா கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்ணைச் சபைக்கு அனுப்பிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மே 26
வாட்டில் மின்விசிறி சுற்றவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாகிவிட்டது. எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

மே 27
சுவடிக்கூடம் வரைக்கும் போனேன். வாசலில் நின்றபோது அம்மாவுக்கு மறுபடி வாந்தி என்று கோல் வந்தது. அதே ஓட்டோவில் திரும்பினேன்.

மே 30
1932இல் இதே நாள்தான் அந்தத் தேர்தல். காலையில் சொன்னேன்.
"ஆர் வெண்டது?"
"நீங்கள் சொன்ன பொம்பிளைதான் அம்மா."
"அப்ப அம்மா தோத்த பெட்டியில போடேல்ல."
கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன். "எனக்கு முன்னால வைச்சிருந்தா நிறம் ஞாபகம் வந்திடும்" என்றார்.

மே 31
நாளை எட்டரைக்கு டாக்டரின் அறைக்கு வரச் சொல்லி ஒரு பிள்ளை கோல் எடுத்தாள். அம்மாவை அழைத்து வரத் தேவையில்லையாம், நான் மட்டும் போதுமாம். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. சாரி தேய்க்க வேண்டும். தம்பிக்கு இன்னும்