அப்பாவோட டயாலிசிஸ் பில்லும் என்னோட ஃபார்ம் 16-ம்

அப்பாக்கு 67 வயசு, கிட்னி ஃபெயிலியர், வாரத்துக்கு ரெண்டு தடவ சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில டயாலிசிஸ். 2024-25ல கைக்காசு ரெண்டு லட்சத்துக்கு மேல போச்சு, கம்பெனில பில்லு குடுத்து 60,000 திரும்ப வாங்குனேன். மருந்து பில்லுக்கு யாரு வரி போடப்போறாங்கன்னு இருந்துட்டேன், கம்பெனி குடுக்கற சம்பள-வரிக் கணக்கு சீட்டு, அதான் ஃபார்ம் 16, வந்து பாத்தா அந்த 60,000-மும் சம்பளத்தோட சேந்து உக்காந்திருக்கு.

அக்கவுண்ட்ஸ் அண்ணன்கிட்ட போய், 15,000 வரைக்கும் வரி கிடையாதுல்லங்கண்ணான்னேன். "அதெல்லாம் 2018-லயே எடுத்துட்டாங்க தம்பி, சம்பளக்காரங்க எல்லாருக்கும் மொத்தமா கழிக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் குடுத்தது அதுக்கு பதிலாத்தான்"னாரு. கவர்மென்ட் ஆஸ்பத்திரில பாத்து அந்த பில்லுக்கு கம்பெனி காசு குடுத்திருந்தா லிமிட்டே இல்லாம விலக்காம். பிரைவேட்னா வருமானவரி ஆபீஸ் அப்ரூவல் வாங்குன ஆஸ்பத்திரியா இருக்கணும், நோயும் அவங்க லிஸ்ட்ல இருக்கணும். நாங்க போறதுக்கு அந்த அப்ரூவல் இல்ல.

மிச்சம் இருந்தது 80டிடிபி, அதாவது குறிப்பிட்ட சில நோய்களுக்கு ஆன வைத்தியச் செலவ வருமானத்துல கழிச்சுக்கற பிரிவு. அப்பா என்னை நம்பித்தான் இருக்காரு, சீனியர் சிட்டிசன், அதனால உச்சவரம்பு 1 லட்சம் (அறுபதுக்கு கீழன்னா 40,000 தான்). ரெண்டு லட்சத்துல 60,000 கழிச்சாலும் 1.4 லட்சம் நிக்குது, அப்ப முழு லட்சமும் கெடைக்கும்னு நானா கணக்கு போட்டு வெச்சிருந்தேன். ஆடிட்டர் சிரிச்சிட்டாரு. கம்பெனி குடுத்தத செலவுல கழிக்க மாட்டாங்களாம், அந்த ஒரு லட்சத்துலருந்துதான் கழிப்பாங்களாம். ஆக லட்சத்துல 60,000 போக 40,000 தான். எனக்கு 20% ஸ்லாப், செஸ்ஸோட அந்த 60,000-க்கு கட்டுனது 12,480, இதுல மிச்சமானது 8,320. ஒரே காசுக்கு ரெண்டு பக்கமும் வெட்டு, இது என்ன நியாயமோ.

இந்தக் கழிவும் பழைய ரெஜிம்ல, அதாவது பழைய வரி முறைல மட்டும்தான். ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லாததால புது முறைல போட்டு வரி பிடிச்சிருந்தாங்க, வீட்டு லோன் இருக்கறதால கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன்லயே பழசுக்கு மாத்திக்கிட்டேன்.

அலைச்சல் எல்லாம் இந்த 80டிடிபிக்கு வேண்டிய டாக்டர் சீட்டுக்குத்தான். மொதல்ல டியூட்டி டாக்டர் எழுதிக் குடுத்தாரு, அவரு எம்.டி., செல்லாதுன்னுட்டாரு ஆடிட்டர். கிட்னிக்குன்னே தனியா படிச்ச நெஃப்ராலஜி டி.எம். இல்லன்னா யூராலஜி எம்.சி.ஹெச். தான் எழுதணுமாம். பெரிய டாக்டர் வர்றதே சாயங்காலம், ஆறு மணிலருந்து ஒரு தட்டுவடை செட்ட வெச்சு ஒப்பேத்திட்டு ஒம்பதுக்கு உள்ள போனேன். அப்பா பேரு, வயசு, நோய் பேரு, அவரோட படிப்பு, ரெஜிஸ்டர் நம்பர், அட்ரஸ்னு ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல எழுதுனாரு. சீல் வெக்கறப்ப "இதுக்கு எவ்ளோ கெடைக்கும்"னு கேட்டாரு, எட்டாயிரத்து சொச்சம்னேன். "நாலு டயாலிசிஸ்க்கு வருமா"ன்னுட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டாரு.