பழனிசாமி-சான், வந்துட்டீங்களா?

கலைச்செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பழனிசாமிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பெண்ணுக்கு ஜப்பான் போய் அந்த ஊர்ப் பண்பாடு படிக்க ஆசை. முதல் பாடம் ஜப்பானில் நடக்காது, தெருமுனை பிரவுசிங் சென்டரில் நடக்கும்.

“சர்நேம் என்னங்க போடட்டும்?”

“இனிஷியல் பி.”

“ஒத்தை எழுத்தெல்லாம் எடுக்காதுங்க்கா. விரிச்சுச் சொல்லுங்க.”

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். மார்க் ஷீட்டில் ‘பி’ முன்னால் நிற்கும், ஆதாரில் பின்னால் நிற்கும், அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆளைக் கவிழ்ப்பது அப்பா பேரின் ஸ்பெல்லிங். ஓர் அட்டையில் ழகரத்துக்கு ‘எல்’, இன்னொன்றில் ‘இசட்-ஹெச்’, மூன்றாவதில் கடைசி எழுத்து ‘ஒய்’க்குப் பதில் ‘ஐ’. ஒரே ஆளுக்கு மூன்று அப்பாக்கள். எது நிலைக்க வேண்டுமோ அதை முடிவுசெய்து, மற்ற அட்டைகளைத் திருத்திய பிறகு 1,500 ரூபாய் கட்டுங்கள். கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து புத்தகம் வந்த பிறகு முழித்தால் ரீ-இஷ்யூ, மறுபடி பணம்.

சர்நேமைக் காலியாக விடலாமே என்பார் பக்கத்து வீட்டு மாமா. விடலாம். பிறகு ஆன்லைன் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் சிவப்பு நட்சத்திரம் நிற்கும், சொந்தப் பேரையே இரண்டு கட்டத்திலும் போட்டு ‘கலைச்செல்வி கலைச்செல்வி’ ஆக வேண்டியதுதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்றே சொல்லிவிட்டது.

பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்தான் இனி வேதவாக்கு. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்கும் அதையே கொடுங்கள். ஆரம்பப் படியான என்5-க்கு 180-க்கு 80 எடுத்தால் பாஸ். ஆனால் காதால் கேட்டு விடை குறிக்கும் பகுதியில் 60-க்கு 19 தனியாக வேண்டும், நம்மாட்கள் வழுக்குவது அங்கேதான். ஜப்பானில் சேரும் கல்லூரி விசாவுக்காக வாங்கி அனுப்பும் தகுதிச் சான்றிதழிலும் ஓர் எழுத்து பிசகக் கூடாது. அதன் ஆயுள் மூன்று மாதம், திருத்தக் கொடுத்துவிட்டு உட்கார நேரம் இருக்காது.

போய் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே குடியிருப்பு அட்டை கொடுப்பார்கள், பேர் ரோமன் எழுத்தில். வீடு கிடைத்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் காட்டினால் பின்புறம் முகவரி ஏறும். இதெல்லாம் சுலபம்.

சுலபமில்லாதது கதகானா. வெளிநாட்டுப் பேர்களை எழுதும் எழுத்துமுறை அது. அதில் ல, ள, ழ, ர எல்லாம் ஒரே வரிசை. தனி மெய்யெழுத்து ‘ன்’ ஒன்றுதான், மற்றதற்கெல்லாம் உயிர் ஒட்டிக்கொள்ளும். ஆக, கலைச்செல்வி ‘கராய்செருவி’ ஆவாள், பழனிசாமி ‘பரானிசாமி’. அந்த ‘சாமி’யையே ‘சா’ குறிலாகவும் நெடிலாகவும், ‘மி’யை இழுத்தும் மூன்று விதமாக எழுதலாம். வங்கியில் ஒருவிதம், கல்லூரியில் இன்னொருவிதம் எழுதினீர்களோ, உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பும். அங்கே பணம் போடும்போது கதகானாப் பேரும் பொருந்த வேண்டும். முதல் நாளே ஒரு வடிவத்தைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

வகுப்பில் சர்நேமோடு மரியாதைக்குச் ‘சான்’ சேர்த்துத்தான் அழைப்பார்கள். “பரானிசாமி-சான்!” என்றதும் பாவாடை சட்டை வயதிலிருந்து ‘கலை’யாக இருந்தவள் எழுந்து நிற்க வேண்டும். நூறு யென் கடையில் சாதோ, சுசுகி என்று கையெழுத்துக்குப் பதில் குத்தும் சர்நேம் முத்திரை ரெடிமேடாகக் கிடைக்கும், பழனிசாமி கிடைக்காது. சொல்லித்தான் செதுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சர்நேம் ஜப்பானியக் குடிமக்கள் எல்லாருக்கும் கட்டாயமானது 1875-இல்தான். தாய்லாந்தில் 1913. பர்மாக்காரர்களுக்கு இன்றும் குடும்பப் பேர் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் ‘ஊ’ இனிஷியலே அல்ல, நம் ‘ஐயா’ மாதிரி மரியாதைச் சொல். மங்கோலியர்தான் நமக்கு நேர் பங்காளி: அப்பா பேரைச் சுருக்கிப் புள்ளி வைத்து முன்னால் போடுகிறார்கள். 2009 முதல் 2017 வரை அதிபராக இருந்த எல்பெக்தோர்ஜும் அப்படித்தான். சேலத்தில் பிறந்திருந்தால் அவரிடமும் “விரிச்சுச் சொல்லுங்க” என்றிருப்பார்கள்.

இதையெல்லாம் போனில் விளக்கினால் பட்டறையிலிருந்து அப்பா கேட்பார்: “என்னைய எதுக்குக் கண்ணு அங்க தெனமும் கூப்பிடறாங்க? பீஸு பாக்கியா?”