ஈரக்காற்றும் சூரியக் கலமும்: நான் செய்த இலக்கிய மீளாய்வு

பௌதிகவியல் விஞ்ஞான முதுமாணிப் படிப்பில் நானாகத் தலைப்பைத் தெரிந்து, நானாகக் கட்டுரைகளைத் தேடி வாசித்து ஓர் இலக்கிய மீளாய்வு எழுத வேண்டியிருந்தது. நான் எடுத்தது பெரவ்ஸ்கைட் சூரியக் கலங்கள், அதாவது பெரவ்ஸ்கைட் என்ற பளிங்கு அமைப்புள்ள பொருளின் மெல்லிய படலம் ஒளியை உறிஞ்சி மின் தரும் கலங்கள். விரிவுரைகள் முடிந்து ஊருக்கு வந்துவிட்டதால், முழு வேலையும் திருகோணமலையில், உப்புவெளி வீட்டிலிருந்தே நடந்தது. அடுத்து இதைச் செய்யப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

மேற்பார்வையாளர் முதலில் சொன்னது இதுதான்: "வாசிக்கத் தொடங்க முதல் உம்முடைய கேள்வியை ஒரு வரியில எழுதி அனுப்பும்." பெரவ்ஸ்கைட் என்று மட்டும் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும். எனக்கான கேள்வி ஊரிலேயே இருந்தது. இந்தப் பொருளுக்கு ஈரப்பதன் ஆகாது. நீராவி பட்டுக்கொண்டிருந்தால் கரும்பழுப்புப் படலம் உடைந்து மஞ்சள் ஈய அயடைட்டாகிவிடும். மார்கழி மழையில் துணி காயாத, கடற்காற்றில் யன்னல் கம்பி துருப்பிடிக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு எதைக் கேட்பது? "ஈரமான காற்றில் இந்தக் கலம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை எப்படி அளக்கிறார்கள்?" என்று எழுதி அனுப்பினேன். சரி என்றார்.

தேடலை 2009இல் ஜப்பானின் மியாசகா குழு வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கினேன். வினைத்திறன், அதாவது விழும் ஒளிச்சக்தியில் மின்னாக மாறும் பங்கு, வெறும் 3.8 சதவீதம்; திரவ மின்பகுபொருள் என்பதால் கலம் சீக்கிரம் பழுதாகிவிடும். 2012இல் திரவத்துக்குப் பதிலாகத் திண்மப் பொருள் வைத்த திண்மநிலைக் கலங்கள் வந்தன: ஒரு குழு 9.7, இன்னொன்று 10.9 சதவீதம். இன்று 26ஐத் தாண்டிவிட்டார்கள். இந்தச் சில கட்டுரைகளைக் கூகிள் ஸ்காலரில் போட்டு, பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தாலே பாதை தெரியும். காசு கேட்கும் கட்டுரைகளுக்கு முதலில், கட்டுரைகளின் முன்வரைவுகளை இலவசமாகத் தரும் ஆர்கைவ் (arXiv) தளத்தைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், தயங்கவே வேண்டாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் சுருக்கம் எழுதாமல் எக்செலில் ஓர் அட்டவணை போட்டேன். வெப்பநிலை, ஈரப்பதன், வெளிச்சமா இருட்டா, கலம் மூடி முத்திரையிடப்பட்டதா, மின்சுமையோடு ஓடியதா சும்மா இருந்ததா, பரப்பளவு எவ்வளவு என்று நிரல்கள். ஆயிரம் மணித்தியாலம் தாங்கியது என்று முகப்பில் பெரிதாகச் சொல்லும் கட்டுரையில், அது உலர் நைதரசனில் இருட்டில் வைத்த கலம் என்ற செய்தி பின்னிணைப்பின் ஒரு மூலையில் கிடக்கும். அந்த எண்ணையும், 85 பாகை செல்சியசிலும் 85 சதவீத ஈரப்பதனிலும் ஆயிரம் மணித்தியாலம் நின்ற கலத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. வினைத்திறனிலும் இதே சிக்கல் உண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு அளப்பதும் குறைத்துக்கொண்டு அளப்பதும் ஒரே கலத்துக்கு வேறு வேறு விடை தரலாம் என்று 2014இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்தத் திசையில் அளந்தோம் என்று சொல்லாத கட்டுரையின் எண்ணை நான் நம்பி எடுக்கவில்லை.

அட்டவணையில் நிரம்பாத கட்டங்கள்தான் என் மீளாய்வின் முக்கிய அத்தியாயம் ஆயின. எதை எல்லோரும் அளக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது. 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, தாங்குதிறனை எப்படிச் சோதித்து அறிவிக்க வேண்டும் என்று ஓர் இணக்க அறிக்கை வெளியிட்டார்கள். அதை வாசித்தபோது என் நிரல்களில் பெரும்பாலானவை அதிலும் இருந்தன. அன்று எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதும் வேலை அதற்குப் பிறகு வேகமாகப் போனது. அட்டவணையின் ஒவ்வொரு நிரலும் ஒரு பந்தியாக வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக நானாகவே ஒரு நிரல் சேர்த்தேன்: உப்பு. சூரியப் பலகைகளுக்கு உப்புத் தூவல் சோதனை என்று ஐஈசி (சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு) 61701 என்ற தனித் தரமே இருக்கிறது. நான் வாசித்த பெரவ்ஸ்கைட் கட்டுரைகளில் அந்த நிரல் ஏறக்குறைய முழுவதும் வெறுமையாகவே நின்றது. வாய்மொழிப் பரீட்சையிலும் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இப்போது ஆய்வுத் திட்டத்தை அந்த நிரலை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.